நிறம் கான்கிரீட்டில், பராமரிப்பு மேற்பூச்சில்

கான்கிரீட் தரைக்குச் சாயமேற்றி, அதன்மேல் வேறு எதையும் பதிக்காமல் அப்படியே புழங்கும் வாசகர்கள் பலர் தங்கள் ஐயங்களை எழுதியுள்ளனர். அவற்றுள் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தில் வந்து சேர்வதால் முதல் பதில் சற்று நீண்டுவிட்டது. மற்றவற்றைப் படிக்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: நாங்கள் குடிவந்த வீட்டின் தரை, அமிலச் சாயம் ஏற்றிய கான்கிரீட். வந்த புதிதில் பளபளவென்று இருந்தது. இப்போது வாசலிலிருந்து சமையலறை வரை நாங்கள் நடக்கும் தடம் முழுவதும் வெளுத்தாற்போல் மங்கிக் கிடக்கிறது. சாயம் தேய்ந்துவிட்டதா? மீண்டும் சாயமேற்ற வேண்டுமா?

பதில்: சாயம் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தேய்ந்திருப்பது அதன்மேல் பூசப்பட்ட சீலர் என்னும் பாதுகாப்பு மேற்பூச்சுதான். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் இந்தத் தரையோடு வாழ்வது எளிதாகிவிடும் என்பதால், இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்து இறுகும்போது, கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்புப் பொருள் கான்கிரீட்டுக்குள்ளேயே உண்டாகிறது. அமிலச் சாயத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் போன்ற உலோகங்களின் உப்புகளும் கலந்திருக்கும். அமிலம் மேற்பரப்பை இலேசாக அரித்து நுண்துளைகளைத் திறந்துவிட, உலோக உப்புகள் உள்ளே இறங்கிச் சுண்ணாம்போடு வினைபுரிந்து, நீரில் கரையாத நிறப் பொருள்களாக மாறி அங்கேயே தங்கிவிடுகின்றன. பழுப்பு நிறங்கள் பெரும்பாலும் இரும்பிலிருந்தும், அடர்ந்த கரும்பழுப்பு மாங்கனீசிலிருந்தும், நீலப்பச்சை தாமிரத்திலிருந்தும் வருகின்றன. இந்த நிறம் கான்கிரீட்டின் மேற்பகுதியோடு ஒன்றிவிடுவதால், பெயிண்டைப் போல உரிந்து வராது. நீங்கள் அன்றாடம் மிதிப்பதும் துடைப்பதும் கீறுவதும் அந்த நிறத்தை அல்ல. அதைக் காக்கும் மெல்லிய சீலர் படலத்தைத்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மங்கிய இடத்தில் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றிச் சில நிமிடங்கள் கவனியுங்கள். நனைந்ததும் பழைய நிறம் ஆழமாகத் துலங்கினால் சாயம் பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்கித் தரை கருத்துப்போனால் அந்த இடத்தில் சீலர் தேய்ந்து தீர்ந்துவிட்டது. தண்ணீர் முத்து முத்தாக நின்றால் சீலர் இன்னும் இருக்கிறது. ஆனால் செருப்பிலும் காலிலும் ஒட்டி வந்த மணல் துகள்கள் அதை நுண்ணிதாகக் கீறியிருக்கின்றன. அந்தக் கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் தடம் வெளுத்துத் தெரிகிறது.

அடுத்து, பூசப்பட்டது எந்தச் சீலர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேலை செய்தவரிடம் கேட்க வழியில்லை என்றால், அலமாரிக்கு அடியில் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில், பஞ்சில் சைலீன் என்னும் கரைப்பானைச் சிறிது நனைத்து வைத்துப் பாருங்கள். பூச்சு பிசுபிசுப்பாக இளகினால் அது அக்ரிலிக். இளகாமல் அப்படியே இருந்தால் பாலியூரித்தேனாகவோ எபாக்சியாகவோ இருக்கக்கூடும். கரைப்பானில் கலந்த அக்ரிலிக் சீலருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: புதிதாகப் பூசும் படலம் பழைய படலத்தை இளக்கி அதனோடு ஒன்றாகிவிடும். ஆகையால் தேய்ந்த அறையை நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பசை போக்கி, முற்றிலும் உலரவிட்டு மேலே பூசினால் போதும். பாலியூரித்தேனும் எபாக்சியும் இறுகிய பிறகு புதிய பூச்சைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளாது. உப்புத்தாள் கொண்டு மேற்பரப்பைச் சீராகத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் பூசினால், புதிய படலம் ஏடு ஏடாக உரிந்து வரும். எந்தச் சீலராக இருந்தாலும் தடிமனாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே சரி. மிகக் குளிர்ந்த நாளிலும் கடும் வெப்பத்திலும் பூச வேண்டாம். கரைப்பான் உள்ள சீலர் எளிதில் தீப்பிடிக்கும்; பூசும்போது வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அக்ரிலிக் பூசிய தரையில் பொதுவாக ஒரு நாள் கழித்து நடக்கலாம்; கனமான சாமான்களை நகர்த்தி வைக்க 3 நாட்களாவது பொறுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு இன்னொன்றையும் செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். சீலரின் மேல், கான்கிரீட் தரைக்கென்றே விற்கும் பாலிஷை மெல்லியதாகப் பூசி வைத்தால், நடமாட்டத்தில் தேய்வது அந்தப் பாலிஷாக இருக்கும், சீலர் தப்பிவிடும். நடமாட்டம் மிகுந்த தடத்தில் மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொண்டால், முழு வீட்டுக்கும் சீலர் பூசும் பெரிய வேலை வெகுவாகத் தள்ளிப்போகும். மரச் சாமான்களுக்குப் போடும் எண்ணெய் பாலிஷையும் சிலிகான் கலந்த பாலிஷையும் தரையில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அவை தரையை வழுக்கச் செய்வதோடு, பிற்பாடு எந்தச் சீலரையும் ஒட்டவிடாமல் செய்துவிடும்.

கேள்வி: தரையைத் துடைக்கும் தண்ணீரில் வினிகர் கலந்தால் இயற்கையாகவே சுத்தமாகும் என்று பலரும் சொல்கிறார்கள். சில நாட்களில் கிருமிநாசினியும் பிளீச்சிங் திரவமும் ஊற்றுகிறேன். இவை தரைக்கு ஏற்றவைதானா?

பதில்: வினிகர் வேண்டாம், எலுமிச்சைச் சாறும் வேண்டாம். இரண்டும் அமிலங்கள். கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்பு அமிலத்தில் கரையக்கூடியது. சீலர் முழுமையாக இருக்கும் வரை உடனடிப் பாதிப்பு தெரியாமல் போகலாம். ஆனால் அது தேய்ந்த இடத்திலும் விரிசலின் ஓரத்திலும் அமிலம் நேரடியாகக் கான்கிரீட்டைத் தொட்டு அரிக்கும், அந்தத் தழும்பைத் துடைத்து நீக்க முடியாது. பிளீச் கலந்த திரவங்களும் அம்மோனியா கலந்த திரவங்களும் நாளடைவில் படலத்தின் பளபளப்பைக் குறைத்துவிடும். நோயாளி இருக்கும் அறை போன்ற தேவைகளுக்குக் கிருமிநாசினி பயன்படுத்தினால், உரிய நேரம் கழித்து வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். தரையைப் பற்றிய கவலையையும் மீறிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பிளீச்சோடு வினிகர் போன்ற அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா சேர்ந்தால் குளோரமீன் வாயுக்கள் உண்டாகும். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயுக்கள். எனவே இவற்றை ஒரே வாளியில் ஒருபோதும் கலக்காதீர்கள்.

அன்றாடச் சுத்தத்துக்குத் தேவையானவை மிகக் குறைவு. முதலில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துடைப்பானால் தூசியையும் மணலையும் அகற்றுங்கள். மணலோடு ஈரத்துணியை இழுப்பது தரையை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். பிறகு, அமிலமும் காரமும் இல்லாத, பிஎச் 7 அளவை ஒட்டிய தரைத் திரவத்தைக் குறிப்பிட்ட அளவில் மட்டும் கலந்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். திரவத்தை அதிகம் ஊற்றினால் சோப்புப் படலம் தங்கி, தரை மங்கலாகத் தெரியும். சீலர் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கும் மங்கல், உண்மையில் இந்தச் சோப்புப் படலமாகவே இருப்பதுண்டு; இளஞ்சூடான வெறும் தண்ணீரால் இரண்டு மூன்று முறை துடைத்தாலே அது போய்விடும். நீராவித் துடைப்பான் வேண்டாம், சூடும் ஈரமும் சேர்ந்து அக்ரிலிக் பூச்சை இளக்கி வெளுக்கச் செய்யும். எண்ணெயோ பழச்சாறோ சிந்தினால் அப்போதே ஒற்றி எடுத்துவிடுங்கள். இவை அனைத்தையும்விடப் பயனுள்ளது, வாசலுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு கால்மிதியடிகள் போட்டு, அவற்றை அடிக்கடி உதறி வைப்பதுதான்.

கேள்வி: வளர்ப்பு நாயின் சிறுநீர் தரையைக் கெடுக்குமா?

பதில்: சீலர் நன்றாக இருந்து, உடனே துடைத்துவிட்டால் கெடுக்காது. தேய்ந்த இடத்தில் நெடுநேரம் தேங்கினால் உள்ளிறங்கிக் கறையும் வாடையும் தங்கிவிடும். ஆகவே நாய் வழக்கமாகப் படுக்கும் பகுதியில் சீலரை முதலில் புதுப்பியுங்கள்.

கேள்வி: தரைத்தளத்து அறையின் வெளிச்சுவர் ஓரத்தில் வெண்மையாகப் புகை படிந்தாற்போல் தெரிகிறது. துடைத்தால் போகவில்லை. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மேலே இன்னொரு சீலர் பூசினால் மறைந்துவிடும் என்கிறார். பூசலாமா?

பதில்: தயவுசெய்து இப்போது பூசாதீர்கள். காரணம் தெரியாமல் பூசுவதால்தான் இத்தகைய தரைகள் மீட்க முடியாத நிலைக்குப் போகின்றன.

சுவரோரத்தில் மட்டும் வெண்மை தோன்றுவதால் முதலில் ஓதத்தைத்தான் ஐயப்பட வேண்டும். கான்கிரீட் பார்ப்பதற்குக் கல்லாக இருந்தாலும் நுண்துளைகள் நிறைந்தது. மண்ணின் ஈரம் அந்தத் துளைகள் வழியே மேலேறும்போது உள்ளேயுள்ள சுண்ணாம்பையும் உப்புகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியானதும் அவை பின்தங்கிவிடுகின்றன, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைக் கால்சியம் கார்பனேட்டாகிறது. இதையே உப்புப் பூத்தல் என்கிறோம். சீலர் இல்லாத தரையில் இது பொடியாக மேலே படியும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுக்கலாம். ஈரத்தை வெளிவிடாத சீலர் மேலே இருந்தால், உப்பும் ஈரமும் படலத்துக்கு அடியில் சிக்கி, நீங்கள் சொல்லும் புகைமூட்டமாகத் தெரியும். நாளடைவில் படலத்தைத் தூக்கிப் பெயர்த்தும் விடும்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 18 அங்குல நீளமும் அகலமும் கொண்ட கனமான, நிறமற்ற பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ, கான்கிரீட் கருத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் ஏறுகிறது என்பது உறுதி. தரையில் ஏற்கெனவே படலம் இருக்கும்போது சோதனை பொய்யான முடிவைத் தரக்கூடும் என்பதால், வெளுத்த பகுதியில் சிறிதளவு சீலரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒட்டுவது நல்லது.

ஈரம் இருக்கிறது என்று தெரிந்தால் அது வரும் வழியை அடைப்பதே முதல் வேலை. மழைநீர் சுவரோரமாகத் தேங்குகிறதா, குழாய் ஏதும் கசிகிறதா, வெளித்தரை வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் விரிக்காமலே கான்கிரீட் போட்டிருந்தால் ஈரத்தை முற்றிலும் நிறுத்துவது கடினம். அந்நிலையில் பளபளப்பை விட்டுக்கொடுத்து, பழைய படலத்தை நீக்கிவிட்டு, சிலேன் அல்லது சிலாக்சேன் வகையைச் சேர்ந்த ஊடுருவும் சீலருக்கு மாறிவிடுங்கள் என்பதே என் கருத்து. அது துளைகளின் உட்சுவரில் நீரை ஒட்டவிடாமல் செய்யுமே தவிர, மேலே படலமாக நின்று ஈரத்தை அடைத்து வைக்காது. தரை நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தாமிர உப்புகளால் உண்டான நிறம், ஈரம் சிக்கிக்கொள்ளும்போது பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறக்கூடியது.

பிளாஸ்டிக் தாள் உலர்ந்தே இருந்தால் வேறு இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். சீலரைத் தடிமனாகப் பூசியதால் கரைப்பானும் காற்றும் குமிழ்களாக உள்ளே நின்றுபோயிருக்கலாம். கரைப்பான் வகை அக்ரிலிக்காக இருந்தால், சைலீனை உருளைத் தூரிகையால் மெல்லத் தடவிப் படலத்தை இளக்கிக் குமிழ்களை வெளியேற்ற முடியும். அல்லது, சாயமேற்றிய பிறகு அமிலக் கசடைச் சமையல் சோடா கரைத்த நீரால் நடுநிலையாக்கிக் கழுவும் வேலையை அவசரமாக முடித்திருக்கலாம். கசடின்மேல் பூசிய சீலர் பொடியின்மேல் ஒட்டிய தாளுக்கு ஒப்பாகும். அதை முழுவதும் நீக்கிவிட்டு மீண்டும் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: அறை முழுவதும் ஒரே நிறமாக வரும் என்று எதிர்பார்த்தோம். ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளுத்தும் திட்டுத்திட்டாக வந்திருக்கிறது. ஒட்டுப்போட்ட இடங்கள் தனியாகத் தெரிகின்றன. மயிரிழை விரிசல்கள்கூட எடுப்பாகத் தெரிகின்றன. வேலை சரியில்லையா?

பதில்: அமிலச் சாயம் ஒரே சீராக வரவே வராது. ஒவ்வோர் இடத்திலும் சுண்ணாம்பு எவ்வளவு இருந்தது, கரணையால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தார்கள், தளம் எவ்வளவு சீராக நீர் ஊறி இறுகியது என்பவற்றைப் பொறுத்தே நிறம் அமைகிறது. ஒட்டுப்போட்ட கலவையின் சேர்மானம் வேறாக இருப்பதால் அது வேறு நிறத்தையே ஏற்கும். இந்த ஏற்றத்தாழ்வில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை, அதுதான் இந்தத் தரையின் அழகு என்றே கருதுகிறேன். ஆனால் இதை வேலை தொடங்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது பிழைதான். சீரான நிறம் வேண்டுவோருக்கு, வினைபுரியாமல் நிறமிகளைத் துளைகளில் தங்கவைக்கும் நீர் வகைச் சாயமே பொருத்தம். அது பல நிறங்களில் கிடைக்கும். ஆனால் அதன்மேலுள்ள சீலர் தேய்ந்துவிட்டால் நிறமும் தேயத் தொடங்கும் என்பதால், சீலரை இன்னும் விழிப்போடு காக்க வேண்டும்.

கான்கிரீட் உலரும்போது சுருங்கும். மயிரிழை விரிசல்கள் அதனால் வருபவை, அமிலம் அவற்றில் அதிகம் இறங்குவதால் கோடாகத் தெரிகின்றன. அவற்றை அடைக்க முயன்றால் அடைத்த கோடுதான் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஆனால் ஒரு விரிசலின் இரு பக்கங்களும் மேடும் பள்ளமுமாக நின்றாலோ, பென்சிலால் அதன் இரு முனைகளையும் குறித்துத் தேதியிட்டு வைத்த பின் அது குறியைத் தாண்டி வளர்ந்தாலோ, கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: வயதான பெற்றோரும் தவழும் குழந்தையும் வீட்டில் இருக்கிறார்கள். இந்தத் தரை அவர்களுக்கு ஆபத்தானதா? குளிர்ச்சியும் அதிகமாக இருக்கிறது.

பதில்: உலர்ந்திருக்கும்போது இது மற்ற வழவழப்பான தரைகளைப் போன்றதே. ஈரமானால், குறிப்பாக மிகுந்த பளபளப்புள்ள சீலர் பூசியிருந்தால், வழுக்கும். குளியலறை வாசல், சமையலறைத் தொட்டியடி, வெளிக்கதவருகே ஆகிய மூன்று இடங்களிலும் அடுத்த முறை சீலர் பூசும்போது, அதில் கலப்பதற்கென்றே கிடைக்கும் நுண்ணிய வழுக்கல்தடுப்புத் துகள்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை அங்கே நகராத மிதியடிகள் இருக்கட்டும். பெற்றோர் வெறும் காலுறையோடு நடக்காமல், அடிப்பகுதி பிடிமானமுள்ள வீட்டுச் செருப்பு அணிவது நல்லது.

இந்தத் தரை துளியும் வளைந்து கொடுக்காது என்பதை மறைப்பதற்கில்லை. நெடுநேரம் நின்று வேலை செய்பவருக்குக் காலும் இடுப்பும் வலிக்கும். விழுந்தால் அடி பலமாகப் படும். சமையல் மேடைக்கு முன் தடித்த மெத்தை விரிப்பும், குழந்தை விளையாடும் இடத்தில் மென்மையான விரிப்பும் அவசியம் என்றே சொல்வேன். குளிர்ச்சிக்குக் காரணம், கான்கிரீட் மரத்தைவிடப் பன்மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்துவதுதான். தரை அறையின் வெப்பநிலையிலேயே இருந்தாலும் வெறுங்காலுக்குக் குளிரும். கோடையில் அதுவே இதமாக இருக்கும். விரிப்புகள் போட்டால் அறையின் எதிரொலியும் கணிசமாகக் குறையும் என்பதை, அதைப் பற்றித் தனியாக எழுதியிருந்த வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: விரிப்பை எடுத்துப் பார்த்தபோது அதன் வடிவத்திலேயே தரையில் மஞ்சள் கறை படிந்திருக்கிறது. எப்படி நீக்குவது?

பதில்: அடியில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டிய விரிப்பாக இருக்கும். அவற்றை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் மெல்லக் கசிந்து சீலருக்குள் இறங்கி நிறத்தை மாற்றிவிடும். துடைத்து நீக்க முடியாது. அந்தப் பகுதியின் சீலரை நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசுவதே வழி. இனி இயற்கை இழையாலோ ஃபெல்ட்டாலோ ஆன அடிவிரிப்பைப் பயன்படுத்துங்கள். நாற்காலிக் கால்களில் ஒட்டும் ஃபெல்ட் துண்டுகளையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். அவற்றில் மணல் ஏறிவிட்டால் அவையே தரையைக் கீறும்.

கேள்வி: கரும்பழுப்பு நிறம் சலித்துவிட்டது. வெளிர் நிறத்துக்கு மாற்ற முடியுமா?

பதில்: சாயத்தின்மேல் சாயம் ஏற்றி அடர்த்தியாக்கலாம், வெளிர்நிறமாக்க முடியாது. மேற்பரப்பையே இயந்திரத்தால் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய ஓடுகளைப் பெயர்த்துவிட்டு அடியிலுள்ள கான்கிரீட்டுக்குச் சாயமேற்ற எண்ணுகிறோம். பக்கத்தில் புதிதாக ஓர் அறையும் கட்டுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: புதிய அறைக்கு, கான்கிரீட் போட்டு 28 நாட்களாவது கழியட்டும். பழைய தளத்தில் அவசரப்படாதீர்கள். பழைய ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. பெயர்க்கும் முன்பே ஒரு துண்டை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டை இயந்திரத்தால் தேய்க்கும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசியும் எளிதானதன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தூசியை உறிஞ்சும் இயந்திரமும் தகுந்த முகக்கவசமும் இல்லாதவரிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.

பசை இருந்த இடங்களில் அமிலம் உள்ளே இறங்காது. எவ்வளவு தேய்த்தாலும் ஓடுகளின் கட்டம் மங்கலாகத் தெரிவதுண்டு. அது உங்களுக்குப் பிடிக்குமா என்பதை, ஒரு மூலையில் சாயமும் சீலரும் முழுமையாகப் பூசிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சீலர் ஏறும் வரை இறுதி நிறம் தெரியாது. வேலை முடிந்ததும் சாயத்தின் நிறக் குறியீடு, சீலரின் வகையும் பெயரும், பூசிய தேதி ஆகியவற்றை எழுதி வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். மறுபூச்சு வேளையில், அலமாரிக்கு அடியில் பஞ்சு வைத்துச் சோதிக்கும் வேலை உங்களுக்கு இருக்காது.